கேட்டதற்கு மட்டும் பதில்

மகளின் மருந்தைக் கக்கூஸில் கொட்டினவன் நான்தான். அவளுக்கு வரவேண்டிய சட்டத்தை ஒரு வருஷம் தள்ளிப்போட வைத்தவனும் நான்தான். இப்படித்தானே உங்கள் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்?

மறைக்க வேண்டாம் சார். நீங்கள் மகன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் இந்தப் பார்க்கில் என்னைப் பார்த்ததும், "நீங்கதானே அந்த போலீஸ்காரர்" என்கிறீர்கள். அந்த என்றால் எந்த? இந்த அமெரிக்காவில் நம் ஆட்களுக்குக் கோயில் ஒன்று, வாய் நூறு. போன வாரம் அன்னதான வரிசையில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டே ஒருத்தி சொல்கிறாள், "போலீஸ்காரர் மக கஞ்சா அடிக்குதாம்." அடிக்குதாம். நாக்கில் இரண்டு சொட்டு விடுவதற்குப் பெயர் அடிப்பது என்றால், இவள் வீட்டில் பிள்ளைக்குப் போலியோ சொட்டு மருந்து போட்டதையும் அப்படித்தான் சொல்வாளா?

உட்காருங்கள். பெஞ்சு ஈரம்தான், கரைந்துவிட மாட்டீர்கள். பாதியைக் கேட்டுக்கொண்டு போய் மீதியை உங்கள் மருமகள் முடித்து வைப்பதற்கு, முழுசையும் என் வாயிலேயே கேட்டுவிடுங்கள்.

அதோ முன்னால் இரண்டு பேர் நடக்கிறார்களா? சேலைக்கு மேல் ஆம்பளை ஜெர்கின் போட்டிருப்பவள் என் வீட்டுக்காரி. ஜெர்கின் என்னுடையது. பக்கத்தில் மகள், சுடர்க்கொடி. ஒரே பிள்ளை.

நான் ஒச்சப்பன். கம்பம். மதுவிலக்குப் பிரிவில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனேன். சர்வீஸ் முழுக்க மலையடிவாரம், சோதனைச் சாவடி, கோர்ட்டு. கஞ்சா கேஸ் என்றால் அரசுத் தரப்பு முதல் சாட்சி நான்தான். எதிர்த்தரப்பு வக்கீல் எப்படிப் புரட்டினாலும் என் சாட்சி உடையாது. ஏன் தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரசு வக்கீல் ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார். "ஏட்டு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததைச் சொன்னா கேஸ் ஊத்திக்கும்." அவ்வளவுதான் தொழில். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டேன்.

வீட்டிலும் அப்படித்தான். அதில் என்ன தப்பு? ஒருமுறை ரெய்டு போன இடத்தில் கல்லால் அடித்துவிட்டார்கள். தலையில் தையல் போட்டுக்கொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரி குருவம்மா "டீ குடிச்சீங்களா" என்றாள். குடித்தேன் என்றேன். மறுநாள் தலையணையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினாள். "ஏன்யா சொல்லலை?" "நீ கேட்டியா?" இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். பொம்பளைகளுக்கு ஞாபகசக்தியை இதில்தான் வைத்திருக்கிறான் ஆண்டவன்.

சரி, மகள் கதைக்கு வருகிறேன். அவளுக்குக் கன்னத்தில் ஒரு நரம்பு கெட்டுப்போய்விட்டது. முக நரம்பு வலி. முதலில் பல்வலி என்று போயிருக்கிறாள். பல் டாக்டர் இரண்டு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டான். அவனைப் பற்றிக் கோயிலில் யாரும் பேச மாட்டார்கள். அவன் படித்தவன். அப்புறம்தான் நரம்பு என்று கண்டுபிடித்தார்கள். காற்றுப் பட்டால் வலி. முகம் கழுவினால் வலி. மென்றால் வலி. பேசினால் வலி. ஈறுக்குள் கரண்டுக் கம்பியைச் செருகி சுவிட்சைப் போட்டது மாதிரி இருக்கும் என்று எழுதிக் காட்டினாள். அப்போதெல்லாம் எழுதித்தான் காட்டுவாள். ஆபரேஷன் செய்தார்கள், கொஞ்ச காலம் நன்றாக இருந்தது, திரும்ப வந்துவிட்டது. மாத்திரை போட்டால் தூங்கித் தூங்கி விழுவாள். மறதி வேறு.

இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. ஊரில் இருக்கும்போது என்ன தெரியும்? போன் பேசுவதை நிறுத்திவிட்டாள். மெசேஜ் மட்டும் வரும். டாலர் திமிர் என்று நினைத்தேன். நான் பதில் போடவில்லை. அதில் கேள்வி ஏதாவது இருந்தால்தானே பதில் போடுவதற்கு?

அப்புறம் டிக்கெட் எடுத்து அனுப்பினார்கள், வந்தோம். வந்து பார்த்தால் மகள் நன்றாக இருக்கிறாள். இட்லி தின்கிறாள். என்னோடு வம்பு பேசுகிறாள். "அப்பா, இங்கயும் மீசையை முறுக்கிக்கிட்டு நடக்காதீங்க, அணில்லாம் பயந்து ஓடுது" என்று சிரிக்கிறாள். அதுதான் சார் பிரச்சினை. சீக்காளி சீக்காளி மாதிரி படுத்திருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். முகத்தைச் சுற்றி எப்போதும் ஒரு சால்வை. கேட்டதற்கு, "குளிருப்பா" என்றாள். சரி, குளிர்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, சமையலறை அலமாரியைத் திறக்கிறேன். வாசனை. பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் மருந்து பாட்டில், சொட்டு விடும் மூடி போட்டது. பெருங்காயத்துக்குப் பின்னால் வைத்தால் மோப்ப நாய் ஏமாறும். நான் ஏமாற மாட்டேன். திறந்து மோந்தேன். வருசநாட்டுக் கஞ்சா மலை முழுக்க அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது.

என் வீட்டில். என் மகள் அலமாரியில்.

கொண்டுபோய்க் கொட்டினேன். தண்ணீர் விட்டேன். பாட்டிலை சோப்புப் போட்டுக் கழுவி, சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்தேன். சீல் வைக்க அரக்கு ஒன்றுதான் இல்லை.

மகள் ஆபீஸிலிருந்து வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

நன்றாக இருக்கிறது. கேட்டுவிட்டா சோதனை போடுவார்கள்?

மாப்பிள்ளை கனகராஜ் தலையில் கைவைத்துக்கொண்டான். நல்ல பையன்தான். கம்ப்யூட்டர் வேலை, இலை விழுந்தாலும் திரும்பிப் பார்க்கிற பயம். அவன்தான் சொன்னான். அடுத்த வீட்டு மார்த்தா என்கிற வெள்ளைக்காரக் கிழவி கொடுத்ததாம். அவள் புருஷனுக்குப் புற்றுநோய். அவனுக்கு அரசாங்கமே அட்டை கொடுத்து, கடையில் வாங்கிய எண்ணெய். அவன் செத்தபிறகு மிச்சம் இருந்ததை, சுடர் படும் பாட்டைப் பார்த்துக் கொடுத்திருக்கிறாள். இனி அவளுக்கும் கிடைக்காது. அட்டை அவனோடு போய்விட்டது. "எல்லாருக்கும் கேக்காது மாமா. இவளுக்குக் கேட்டுச்சு" என்றான்.

இதை ஏண்டா முதல் நாளே சொல்லவில்லை? ஏர்போர்ட்டிலிருந்து வருகிற வழியில் ஊரில் மழை பெய்ததா என்று கேட்கத் தெரிந்தவனுக்கு, வீட்டில் கஞ்சா எண்ணெய் இருக்கிறது மாமா என்று சொல்லத் தெரியாதா? என்மேல் பழி போடுகிறார்கள்.

கொட்டின மூன்றாம் நாள் காலையில் மகள் வாயைத் திறக்கவில்லை. குருவம்மா இட்லியைப் பாலில் கரைத்து, மிக்ஸியில் அடித்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தாள். அதை உதட்டில் வைப்பதற்கே மகள் கண்ணை மூடிக்கொண்டு தைரியம் சேர்த்தாள். தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிற மனுஷியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் ஒன்றும் கல் இல்லை. கடை எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் விசாரித்தேன். டவுனுக்கு நடுவிலேயே இருக்கிறது சார். பச்சை நிறத்தில் கூட்டல் குறி போட்ட போர்டு, கண்ணாடிக் கதவு, உள்ளே பூந்தொட்டி. மாப்பிள்ளை காரை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டான். நான் போனேன். கஞ்சாக்காரனைத் துரத்தியே முழங்கால் தேய்ந்தவன், கஞ்சாக் கடையில் வரிசையில் நின்றேன். ஊரில் எவனாவது பார்த்திருந்தால் பட்டாசு வெடித்திருப்பான். என் முறை வந்தது. காவலுக்கு நின்ற பயல் அட்டை கேட்டான். இல்லை. உள்ளே விட மாட்டேன் என்றான். என்னை.

டாக்டரம்மாவிடம் போனோம். அவருக்குக் கொடுக்க மனசு இருக்கிறது. சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறதாம். புற்றுநோய் இருந்தால் அட்டை உண்டு. வலிப்பு இருந்தால் உண்டு. இன்னும் சிலது உண்டு. முகத்து நரம்பு இல்லை. அதாவது, உனக்கு வந்த வலி சரியில்லை, வேறு நல்ல வலியாக வாங்கிக்கொண்டு வா என்கிறான். வலிக்கு ரேஷன் போட்ட ஊரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இதற்குச் சந்திரனுக்கு ராக்கெட் வேறு.

பட்டியலை எடுத்துவிட்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும் என்று ஒரு மசோதா இந்த மாநிலச் சட்டசபையில் கிடந்தது. முதலில் ஒரு குழு உட்கார்ந்து கேட்கும். பொதுஜனம் யார் வேண்டுமானாலும் போய் இரண்டு நிமிஷம் பேசலாம். மார்த்தா துள்ளிக் குதித்தாள். கஞ்சாவைப் பிடித்த போலீஸ்காரனே வந்து மருந்து வேண்டும் என்று சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும்? நானும் சரி என்றேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். மீசையைச் சீவினேன். "நீ வேண்டாம், உனக்கு என்ன தெரியும்" என்று குருவம்மாவை மகளுக்குத் துணையாக வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

மைக் முன்னால் நின்றேன். பக்கத்தில் மாப்பிள்ளை, இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல. முறைப்படி ஆரம்பித்தேன். பெயர் ஒச்சப்பன், தகப்பனார் பெயர் மொக்கைச்சாமி, ஊர், கதவு எண், எந்த வருஷம் பணியில் சேர்ந்தேன், எந்தெந்த ஸ்டேஷன், எந்த வருஷம் ஏட்டானேன். அதற்குள் மணி அடித்துவிட்டான். இரண்டு நிமிஷமாம். சாட்சி யார் என்று தெரியாமல் சாட்சியத்தை எப்படி வாங்குவான்? கோமாளி.

குழுவில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். வெள்ளைத் தலை, விறைத்த முதுகு. மாநிலத்தில் ஏதோ ஒரு ஜில்லாவுக்கு ஷெரீப்பாக, அதாவது போலீஸ் தலைவராக இருந்தவராம். சொல்ல வேண்டியதே இல்லை. பார்வையிலேயே தெரிந்தது, நம் டிபார்ட்மெண்டு. அவர் கேட்டார்.

கஞ்சாவால் குடும்பம் கெட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்தேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்தேன்.

நிறையவா?

கணக்கில்லை.

நன்றி, அவ்வளவுதான் என்றார். சல்யூட் அடித்தேன். கூண்டிலிருந்து இறங்கும்போது அடிக்கிற பழக்கம். அவரும் எழுந்து திருப்பி அடித்தார். கைதட்டினார்கள். சாட்சி நன்றாகப் போனது என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே ஓட்டுப் போட்டார்கள். மசோதா தோற்றது. 'நேரில் கண்ட போலீஸ்காரரின் எச்சரிக்கை' என்று பேப்பரில் போட்டானாம்.

வீட்டு வாசலில் மாப்பிள்ளை காரை நிறுத்தினான். இறங்கும்போது கேட்டான். "மாமா, சுடரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே."

"அவரு கேக்கலையேப்பா."

கேட்டால்தானே சொல்ல முடியும்? நான் பொய் சொன்னேனா? ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அதற்கு வீட்டில் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் மட்டும் காபி கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளால் சொல்ல முடியாது.

விசா முடிந்து ஊருக்குப் போனோம். குருவம்மா ஒரு வருஷம் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை சார். சோறு வைப்பாள். தண்ணீர் வைப்பாள். போவாள். கேள்வி வராததால் நானும் பேசவில்லை. வீட்டில் ரேடியோ மட்டும் ஓடியது. நல்ல அமைதிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒருநாள் கடைத்தெருவில் எவனோ பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. என்ன காரணம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாயுவாக இருக்கும்.

மறுபடி மசோதா வருகிறது என்று மார்த்தா சொல்லி அனுப்பினாள். மறுபடி வந்தோம். மகள் பாதியாகிவிட்டிருந்தாள். வேலையை விட்டுவிட்டாள். மாத்திரை மயக்கத்தில் என்னைப் பார்த்து, வந்து எவ்வளவு நாளாச்சு என்று எழுதிக் கேட்டாள். நான் ஏர்போர்ட்டிலிருந்து வந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை என்னைப் பேச வேண்டாம் என்றுவிட்டார்கள். போலீஸ்காரன் வேண்டாமாம். பேசப் போவது யார் தெரியுமா? குருவம்மா. கம்பத்துச் சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசியதைத் தவிர வெளி ஆளிடம் வாயைத் திறக்காதவள். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் முகத்தை மூடிக்கொண்டு மகள்.

போனாள். பேப்பர் இல்லை, ஒன்றுமில்லை. கையில் அந்த எவர்சில்வர் டம்ளர். பெயர்கூடச் சொல்லவில்லை. முறையே தெரியாது. டம்ளரை மைக் பக்கத்தில் வைத்தாள்.

"இதுதான் எம் மக சோறு. மருந்து இருந்தப்ப இட்லி தின்னா. இவ அப்பா அதைக் கொட்டிட்டாரு. அன்னையிலருந்து இதான்."

மாப்பிள்ளை சொல்லச் சொல்ல எல்லாரும் டம்ளரையே பார்த்தார்கள். அந்த ஷெரீப் முன்னால் குனிந்தார். போன வருஷம் உங்கள் கணவர் இதே இடத்தில் நின்று வேறு மாதிரி சொன்னாரே அம்மா, அவர் சொன்னது பொய்யா என்று கேட்டார். நல்ல கேள்வி. குறுக்கு விசாரணை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். இவள் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"அவரு பொய் சொல்ல மாட்டாருங்க. அதான் அவருக்கு இருக்கிற சீக்கு. மண்டை உடைஞ்சு தையல் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாரு, டீ குடிச்சீங்களான்னா குடிச்சேங்கிறாரு. கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லுவாரு. நீங்க தப்பாக் கேட்டுப்புட்டீங்க."

கூட்டம் சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் கூரையைப் பார்த்தேன்.

ஷெரீப் சிரிக்கவில்லை. பின்னே என்ன கேட்க வேண்டும் என்றார்.

"மருந்து இருந்தப்ப மகளைப் பார்த்தீங்களான்னு கேளுங்க. கொட்டுன பெறகு பார்த்தீங்களான்னு கேளுங்க. அந்தா உக்காந்திருக்காரு. சொல்லுவாரு."

கூப்பிட்டார்கள். சம்மன் வந்தால் போகத்தான் வேண்டும். போய் நின்றேன். குருவம்மா நகரவில்லை. டம்ளருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

மருந்து இருந்தபோது உங்கள் மகளைப் பார்த்தீர்களா?

பார்த்தேன்.

எப்படி இருந்தார்?

இட்லி தின்றாள். அணில் பயப்படுகிறது என்று என் மீசையைக் கேலி செய்தாள்.

கொட்டியபிறகு பார்த்தீர்களா?

பார்த்தேன்.

எப்படி இருந்தார்?

தண்ணீரைப் பார்த்துப் பயந்தாள்.

பிறகு கேட்டார். அந்தப் பாட்டில் இன்றைக்கு உங்கள் கையில் கிடைத்தால் கொட்டுவீர்களா?

இந்த மாதிரிக் கேள்வியை எந்தக் கோர்ட்டிலும் அனுமதிக்க மாட்டார்கள் சார். நடந்ததைத்தான் கேட்க வேண்டும். நடக்காததைக் கேட்கக் கூடாது. ஆட்சேபிக்க வக்கீல் இல்லை. நான் டம்ளரைப் பார்த்தேன். மணி அடிக்க வேண்டிய பயலும் அடிக்கவில்லை. குருவம்மா என்னைப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறவள் மாதிரி பார்த்தாள்.

இல்லை என்றேன்.

சல்யூட் அடிக்க மறந்துவிட்டேன். சர்வீஸிலேயே மறந்தது கிடையாது.

ஓட்டெடுப்பில் ஷெரீப் கடைசியாகக் கையைத் தூக்கினார். ஆனால் தூக்கினார். மசோதா சபைக்குப் போனது, வெயில் காலத்தில் சட்டமானது. அட்டை வந்தது. பாட்டில் இப்போது பெருங்காயத்துக்கு முன்னால் இருக்கிறது.

எல்லாம் ஆனபிறகு எனக்கு ஒருத்தன் நன்றி சொன்னானா? மார்த்தா குருவம்மாவைக் கட்டிப்பிடித்தாள். பேப்பர்காரன் டம்ளரைப் படம் எடுத்தான். டம்ளரை. சாட்சி சொன்னவன் நான். இரண்டு தடவையும் பார்த்ததைத்தான் சொன்னேன், மாற்றிச் சொல்லவே இல்லை. கேள்வியை ஒழுங்காகக் கேட்காதவனை விட்டுவிட்டு, பதில் சொன்னவனைப் பிடித்து, 'அந்த போலீஸ்காரன்' என்கிறது கோயில் கூட்டம். இந்த மனுஷர்களுக்குப் பட்டியலும் போதாது, சட்டமும் போதாது.

இருங்கள், ஒரு சுற்று முடித்துவிட்டு வருகிறார்கள். பாருங்கள், சுடரின் சால்வை தோளில் கிடக்கிறது. எதிர்க்காற்று முகத்தில் அடிக்கிறது, பேசிக்கொண்டே வருகிறாள். அவள் எப்போதும் அதிகம் பேசுவாள். இந்த அட்டை வந்ததிலிருந்து தாங்க முடியவில்லை.

"என்னங்க, குளிருதா?"

"குளிருது."

"அப்பறம் ஏன் ஜெர்கினை என்கிட்டக் குடுத்தீங்க? இந்தாங்க, பிடிங்க. சார், இவரு உங்களைப் போட்டு அறுத்துட்டாரா?"

பார்த்தீர்களா. இதுதான் வீட்டில் மரியாதை. நீங்கள் போங்கள், பெஞ்சு ஈரம் வேட்டியில் ஏறியிருக்கும். உங்கள் மருமகள் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கெடுத்தது ஒச்சப்பன் என்று அவர்களுக்குத் தெரியும். சரி பண்ணினது யார் என்றால் அந்த ஷெரீப்பைச் சொல்வார்கள், மார்த்தாவைச் சொல்வார்கள். அதெல்லாம் கிடையாது. ஏட்டு பெண்டாட்டி என்றும் சொல்ல வேண்டாம். அவளுக்குப் பெயர் இருக்கிறது. குருவம்மா.